ஐந்து வினாடி முதல் இருபத்து நான்கு வினாடி வரை: கூடைப்பந்தில் நேரம் கடத்துவதைத் தடுத்த விதிகள்

ஆட்டம் முடிய இன்னும் மூன்று நிமிடங்கள் இருக்கின்றன. ஓர் அணி இரண்டு புள்ளிகள் முன்னிலையில் இருக்கிறது. பந்தும் அந்த அணியிடமே உள்ளது. இனி அவர்கள் கூடையை நோக்கிப் பந்தை எறிய வேண்டிய அவசியம் என்ன? எறிந்து தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எறியாமல் தங்களுக்குள் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் வெற்றி உறுதி. இப்படி விளையாடுபவர்களை விதியை மீறியவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பார்ப்பவர்களுக்கு அது விளையாட்டாகவும் தெரியாது.

கூடைப்பந்து விளையாட்டு இந்தச் சிக்கலோடு அறுபது ஆண்டுகளுக்கு மேல் போராடியது. ஒரு விதி போடுவார்கள்; ஆட்டக்காரர்கள் அதில் ஒரு வழியைக் கண்டுபிடிப்பார்கள்; அந்த வழியை அடைக்க இன்னொரு விதி வரும். இந்த வரலாற்றை உடற்கல்வி ஆசிரியர்கள் மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்று நான் நினைக்கவில்லை. வகுப்பில் நாள்தோறும் விதிகளை உருவாக்கி, அவற்றை நடைமுறைப்படுத்தும் நம் எல்லோருக்கும் இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஓர் ஆசிரியர் எழுதிய 13 விதிகள்

கூடைப்பந்தை உருவாக்கியவர் ஓர் ஆசிரியர். 1891ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உடற்கல்வி கற்பித்துவந்தார். குளிர்காலத்தில் வெளியே விளையாட முடியாது. உள்ளரங்கில் செய்யும் உடற்பயிற்சிகளில் மாணவர்களுக்கு ஆர்வம் இல்லை. அடங்காத வகுப்பு என்று பெயரெடுத்திருந்த 18 மாணவர்களைச் சமாளிக்க, உள்ளரங்கில் ஆடத்தக்க ஒரு புதிய விளையாட்டை உருவாக்கும் பொறுப்பைத் துறைத் தலைவர் லூதர் குலிக் அவரிடம் ஒப்படைத்தார். பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகள், ஒரு கால்பந்து, 13 விதிகள். இவ்வளவுதான் தொடக்கம். ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட இரண்டு பகுதிகளாக நடந்தது.

அந்த 13 விதிகளிலேயே தாமதத்தைப் பற்றிய விதி இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஒன்பதாவது விதி, எல்லைக்கு வெளியே போன பந்தை உள்ளே எறிபவருக்கு ஐந்து வினாடிகள் மட்டுமே கொடுத்தது. அதற்கு மேல் வைத்திருந்தால் பந்து எதிரணிக்குப் போகும். ஓர் அணி தொடர்ந்து ஆட்டத்தைத் தாமதப்படுத்தினால் நடுவர் அதை ஃபவுல் என்று அறிவிக்க வேண்டும் என்றும் அதே விதி கூறியது. ஏழாவது விதிப்படி, இடையில் எதிரணி ஒரு ஃபவுலும் செய்யாத நிலையில் ஓர் அணி தொடர்ந்து மூன்று ஃபவுல்கள் செய்தால், எதிரணிக்கு ஒரு கோல் கிடைக்கும். எனவே தாமதத்துக்கான தண்டனை சிறியதாக இருக்கவில்லை.

இந்த ஒரே விதியில் இரண்டு வகையான கட்டளைகள் இருப்பதைப் பாருங்கள். 'ஐந்து வினாடி' என்பது அளக்கக்கூடியது. யார் எண்ணினாலும் ஐந்து ஐந்துதான். 'தொடர்ந்து தாமதப்படுத்தினால்' என்பது நடுவரின் மனத்தில் இருக்கும் அளவு. ஒரு நடுவருக்குத் தாமதமாகத் தெரிவது இன்னொருவருக்குப் பொறுமையான ஆட்டமாகத் தெரியலாம். அடுத்த அறுபது ஆண்டுகளின் கதை, இந்த இரண்டாவது வகையிலிருந்து முதல் வகைக்கு நகர்ந்த கதைதான்.

1930களின் அடைப்புகள்

தொடக்க காலத்தில் ஆடுகளத்தின் நடுவில் கோட்டுக்கு இன்று இருக்கும் வேலை இல்லை. முன்னிலையில் இருக்கும் அணி பந்தைத் தன் பின்பகுதிக்கே கொண்டுபோய், முழு ஆடுகளத்தையும் பயன்படுத்தி விரித்து நின்றுகொள்ளலாம். ஐந்து பேர் அவ்வளவு பெரிய இடத்தில் பந்தை மாற்றிக்கொண்டிருந்தால், துரத்துபவர்களுக்கு மூச்சு வாங்கும், பந்து கிடைக்காது.

இதைத் தடுக்க, 1930களின் தொடக்கத்தில் அமெரிக்க விதிகளில் அடுத்தடுத்து மாற்றங்கள் வந்தன. நெருக்கமாகத் தடுக்கப்படும் ஆட்டக்காரர் ஐந்து வினாடிகள் பந்தை ஆட்டத்துக்கு விடாமல் வைத்திருந்தால், நடுவர் இருவருக்கும் பொதுவாகப் பந்தை மேலே எறிந்து மீண்டும் தொடங்கலாம் என்ற விதி வந்தது. 1932இல் பத்து வினாடி விதி வந்தது. பந்தைப் பெற்ற அணி பத்து வினாடிகளுக்குள் நடுக்கோட்டைக் கடந்து முன்பகுதிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஆடுகளத்தின் பாதி ஒரே அடியில் நேரம் கடத்துபவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது.

1937இல் இன்னொரு பெரிய மாற்றம். அதுவரை ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் எல்லோரும் நடுவட்டத்துக்குத் திரும்பி, பந்தை மேலே எறிந்து ஆட்டத்தைத் தொடங்கினார்கள். உயரமான ஆட்டக்காரர் இருக்கும் அணிக்குப் பந்து மீண்டும் மீண்டும் கிடைத்தது. ஆட்டமும் அடிக்கடி நின்றது. இந்த வழக்கம் நீக்கப்பட்டு, கோல் வாங்கிய அணியே வளையத்தின் பின்னாலிருந்து பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடரலாம் என்றானது. ஆட்டத்தின் வேகம் கூடியது.

எல்லா அடைப்புகளும் போட்ட பிறகும் ஓட்டை மிச்சமிருந்தது. பத்து வினாடிக்குள் நடுக்கோட்டைக் கடந்துவிட்டால், அதன் பிறகு முன்பகுதியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பந்தை வைத்திருக்கலாம். ஐந்து வினாடி விதியிலிருந்து தப்புவதும் எளிது. எதிராளி நெருங்கும்போது பந்தை அடுத்தவருக்குத் தள்ளிவிட்டால் எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

19க்கு 18

அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பது 1950 நவம்பர் 22 அன்று தெரிந்தது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ.வில், மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியும் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணியும் மோதின. லேக்கர்ஸ் அணியில் ஜார்ஜ் மைக்கன் இருந்தார். மிக உயரமானவர், அந்தக் காலத்தின் முதன்மை ஆட்டக்காரர். அவர் கைக்குப் பந்து போகாமல் இருக்க பிஸ்டன்ஸ் அணி ஒரே ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தது: பந்தைத் தாங்களே வைத்துக்கொள்வது.

48 நிமிட ஆட்டம் முடிந்தபோது பிஸ்டன்ஸ் 19, லேக்கர்ஸ் 18. இரு அணிகளும் சேர்ந்து ஆடுகளத்திலிருந்து போட்ட கோல்கள் எட்டுதான். லேக்கர்ஸின் 18 புள்ளிகளில் 15 மைக்கன் எடுத்தவை. கடைசிக் கால்பகுதியில் இரு அணிகளும் சேர்ந்து எடுத்தவை நான்கு புள்ளிகள். என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகக் குறைந்த புள்ளிகள் எடுக்கப்பட்ட ஆட்டம் இதுதான்.

பிஸ்டன்ஸ் அணியைக் குறை சொல்ல முடியுமா? தங்களைவிட வலிமையான அணியை, அதன் சொந்த மைதானத்தில், விதிக்கு உட்பட்டு வென்றார்கள். பணம் கொடுத்துப் பார்க்க வந்தவர்களுக்குத்தான் ஏமாற்றம். இந்தக் கேள்வியை மாணவர்களிடம் விவாதமாகக் கொடுத்துப் பார்க்கலாம். இரு பக்கமும் வலுவான வாதங்கள் வரும்.

ஃபவுல் செய்வது லாபமான கணக்கு

நேரம் கடத்தும் அணியிடமிருந்து பந்தைப் பெற, பின்தங்கிய அணிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. வேண்டுமென்றே ஃபவுல் செய்வது. சாதாரண ஃபவுலுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு தனி எறிதல்தான் கொடுக்கப்பட்டது. அதாவது எதிரணிக்கு அதிகபட்சம் ஒரு புள்ளி. அதன் பிறகு பந்து நமக்கு வரும். நாம் இரண்டு புள்ளிகள் எடுக்கலாம். ஒன்றைக் கொடுத்து இரண்டை வாங்கும் வியாபாரம். முன்னிலையில் இருக்கும் அணியும் இதே கணக்கைப் போட்டுப் பதிலுக்கு ஃபவுல் செய்யும். ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள் தனி எறிதல்களின் ஊர்வலமாக மாறின.

1953 மார்ச்சில் பாஸ்டன் செல்டிக்ஸ், சிரக்யூஸ் நேஷனல்ஸ் அணிகளுக்கு இடையே நடந்த ஆட்டம் நான்கு கூடுதல் நேரங்கள் வரை நீண்டது. அதில் பாஸ்டனின் பாப் கூசி 50 புள்ளிகள் எடுத்தார். அவற்றில் 30 புள்ளிகள் தனி எறிதலில் வந்தவை. சாதனைதான், ஆனால் ஐம்பதில் முப்பது, அதாவது 60 சதவீதம், ஆட்டம் நின்றிருந்தபோது எடுக்கப்பட்டவை.

ஒரு தவறை மட்டும் தடுக்கும் விதி போதாது என்பதை இது காட்டுகிறது. நேரம் கடத்துவதைத் தடுக்காமல் ஃபவுலை மட்டும் கடுமையாகத் தண்டித்தால், நேரம் கடத்தும் அணிக்கே லாபம். ஃபவுலைக் கவனிக்காமல் நேரத்தை மட்டும் கட்டுப்படுத்தினால், ஃபவுல் செய்து பந்தைப் பறிக்கும் ஆசை குறையாது. இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய வேண்டியிருந்தது.

2880 ÷ 120

சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியசோன். அந்த நகரில் பவுலிங் விளையாட்டுக் கூடம் ஒன்றை நடத்திவந்தவர். அவரும் அணியின் நிர்வாகி லியோ ஃபெரிஸும் முன்வைத்த யோசனை எளிமையானது: பந்தைப் பெற்ற அணி குறிப்பிட்ட வினாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும்.

எத்தனை வினாடிகள்? இங்கேதான் நமக்குப் பிடித்தமான கணக்கு வருகிறது. ரசிக்கும்படி அமைந்த ஆட்டங்களில் ஒவ்வொரு அணியும் ஏறக்குறைய 60 முறை கூடையை நோக்கி எறிந்திருந்தது. இரு அணிகளும் சேர்ந்து 120. ஆட்ட நேரம் 48 நிமிடங்கள், அதாவது 2880 வினாடிகள். 2880ஐ 120ஆல் வகுத்தால் 24. எட்டாம் வகுப்பு மாணவருக்கும் புரியும் இந்த வகுத்தல்தான் இன்று உலகம் முழுவதும் பயன்படும் எண்ணின் பிறப்பிடம்.

1954 ஆகஸ்டில் சிரக்யூஸில் உள்ள ஒரு பள்ளியில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். 1954 அக்டோபர் 30 அன்று விதி நடைமுறைக்கு வந்தது. அதே பருவத்தில், ஒரு கால்பகுதியில் ஓர் அணி செய்யும் ஃபவுல்களுக்கு வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் எதிரணிக்குக் கூடுதல் தனி எறிதல் என்ற விதியும் சேர்ந்தது. ஃபவுல் இனி லாபமான வியாபாரமாக இல்லை.

முந்தைய பருவத்தில் ஓர் அணியின் சராசரி 79.5 புள்ளிகள். புதிய பருவத்தில் 93.1. ஏறக்குறைய 17 சதவீத உயர்வு. அந்தப் பருவத்தின் கோப்பையை சிரக்யூஸ் அணியே வென்றது. ஏழு ஆட்டங்கள் கொண்ட இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில், ஒரு புள்ளி வித்தியாசத்தில் அவர்களிடம் தோற்றது அதே ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ். ஆனால் இந்த முறை கணக்கு 92க்கு 91.

மற்றவர்கள் எடுத்துக்கொண்ட காலம்

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் சோவியத் அணி அமெரிக்க அணிக்கு எதிராகப் பந்தைப் பிடித்துவைத்து ஆடியது. அமெரிக்கா 36, சோவியத் 25. இத்தகைய ஆட்டங்களுக்குப் பிறகு, 1956இல் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 30 வினாடி விதியைக் கொண்டுவந்தது. 2000ஆம் ஆண்டில் அது 24 ஆகக் குறைக்கப்பட்டது. நடுக்கோட்டைக் கடக்கும் நேரமும் பத்திலிருந்து எட்டானது. நம் மாணவர்கள் ஆடுவது இந்தச் சர்வதேச விதிகளின்படிதான்.

அமெரிக்கக் கல்லூரிகள் மட்டும் நீண்ட காலம் தயங்கின. பெண்கள் ஆட்டத்தில் 30 வினாடி விதி முன்பே வந்துவிட்டது. ஆண்கள் ஆட்டத்தில் நடுவரின் தீர்ப்பையே நம்பினார்கள். 'செயல் குறைவு' என்று ஒரு விதி இருந்தது. ஆட்டம் தேங்கினால் அதை நகர்த்தும் பொறுப்பு பின்தங்கியிருக்கும் அணிக்கு உண்டு. புள்ளிகள் சமமாக இருந்தால் தடுக்கும் அணிக்கு உண்டு. நடுவர் எச்சரித்த பிறகும் அசையாவிட்டால் தண்டனை. தர்க்கம் சரியானதுதான்: முன்னிலையில் இருப்பவர் ஏன் ஆபத்தை ஏற்க வேண்டும்? ஆனால் நடைமுறையில் தேக்கம் தீரவில்லை.

1973 டிசம்பரில் டென்னசி, டெம்பிள் பல்கலைக்கழகங்களின் ஆட்டம் 11க்கு 6 என்று முடிந்தது. 1979 பிப்ரவரியில் டியூக்குக்கு எதிராக வட கரோலினா முதல் பாதி முழுவதும் பந்தைப் பிடித்துவைத்தது. பாதி ஆட்டத்தில் கணக்கு 7க்கு 0, டியூக் முன்னிலை. இரண்டாம் பாதியில் இரு அணிகளும் தலா 40 புள்ளிகள் எடுத்தன. முடிவு 47க்கு 40. எந்தப் பாதியில் நேரம் கடத்தினார்களோ, அந்தப் பாதியின் ஏழு புள்ளிகளே வட கரோலினாவைத் தோற்கடித்தன. 1982இல் அதே வட கரோலினா, வர்ஜீனியாவுக்கு எதிரான மண்டல இறுதியாட்டத்தில் பல நிமிடங்கள் பந்தை வைத்திருந்து 47க்கு 45 என்று வென்றது. அது தொலைக்காட்சியில் நாடு முழுவதும் ஒளிபரப்பான ஆட்டம். பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் 'நான்கு மூலை' உத்தி புகழ்பெற்றது. நான்கு பேர் நான்கு மூலைகளில் நிற்க, நடுவில் ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டு சுற்றிவருவார். யாராவது பிடிக்க வந்தால் மூலையில் இருப்பவருக்குப் பந்து போய்விடும். கடைசியில் 1985இல் கல்லூரிகள் 45 வினாடி விதியை ஏற்றன. 1993இல் அது 35 ஆகவும், 2015இல் 30 ஆகவும் குறைந்தது.

நம் ஊர் கபடியிலும் இதே சிக்கல் உண்டு. முன்னிலையில் இருக்கும் அணியின் பாடிச் செல்பவர், கோட்டைத் தொட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி நேரத்தைக் கடத்துவார். புரோ கபடியில் தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பாடிச் சென்றவர் வெளியேற வேண்டும் என்பது விதி. சிக்கல் ஒன்றுதான், தீர்வும் அதே வகையைச் சேர்ந்தது: எண்ணிக்கை.

வகுப்பறைக்குக் கொண்டுவருவது எப்படி?

கணக்குப் பாடத்தில்: 40 நிமிட ஆட்டத்தில் 24 வினாடி விதி இருந்தால், முழு நேரத்தையும் பயன்படுத்தினாலும் எத்தனை வாய்ப்புகள்? 2400 ÷ 24 = 100. 30 வினாடி என்றால் 80. 45 வினாடி என்றால் ஏறக்குறைய 53. இவை குறைந்தபட்ச எண்ணிக்கை என்பதையும், அணிகள் வேகமாக எறிந்தால் இது கூடும் என்பதையும் மாணவர்களே கண்டறியட்டும். 79.5இலிருந்து 93.1 என்பது எத்தனை சதவீத உயர்வு என்பது நேரடியான பயிற்சி.

சமூக அறிவியலில்: சட்டம் ஏன் திருத்தப்படுகிறது என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். ஒவ்வொரு விதிக்கும் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லலாம். எந்தச் செயலைத் தடுக்க வந்தது? ஆட்டக்காரர்கள் அதிலிருந்து எப்படித் தப்பினார்கள்? அடுத்து என்ன மாற்றம் தேவைப்பட்டது?

விளையாட்டு மைதானத்தில்: மின்னணு ஷாட் கிளாக் பெரும்பாலான பள்ளிகளில் இல்லை. அதனால் என்ன? ஐந்து நிமிட ஆட்டம் ஒன்றை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் நடத்துங்கள். ஓர் அணிக்கு ஒரு புள்ளி முன்னிலையும் பந்தும் கொடுத்துத் தொடங்குங்கள். பிறகு அதே நிலையில், ஒரு மாணவரை நிறுத்துகடிகாரத்துடன் ஓரத்தில் நிறுத்தி, 24 வினாடி விதியோடு நடத்துங்கள். கடைசி ஐந்து வினாடிகளை அவர் உரக்க எண்ணட்டும். இரு ஆட்டங்களிலும் எத்தனை முறை கூடையை நோக்கி எறிந்தார்கள் என்று இன்னொரு மாணவர் குறித்துக்கொள்ளட்டும். வேறுபாட்டை அவர்களே சொல்வார்கள். சிறிய வகுப்புகளில் இதையே பந்து கைமாற்றும் விளையாட்டாக மாற்றிக்கொள்ளலாம்.

விதி போடும் நமக்கு

வகுப்பு விதிகளை எழுதும்போது 'தேவையில்லாமல் தாமதம் செய்யக் கூடாது', 'ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும்' என்றே பெரும்பாலும் எழுதுகிறோம். இவை நெய்ஸ்மித்தின் இரண்டாவது வகை. எது தேவை, எது ஒழுங்கு என்பது அன்றைய ஆசிரியரின் மனநிலையைப் பொறுத்தது. ஒரே செயலுக்கு ஒரு மாணவர் திட்டு வாங்குவதும் இன்னொருவர் தப்பிப்பதும் இதனால்தான். 'இடைவேளை மணி அடித்து மூன்று நிமிடங்களுக்குள் இருக்கையில் இருக்க வேண்டும்' என்பது முதல் வகை. அதில் வாக்குவாதத்துக்கு இடம் குறைவு. யாரையும் நேர்மையற்றவர் என்று சொல்ல வேண்டியதும் இல்லை.

மாணவர் ஒருவர் விதியின் ஓட்டையைக் கண்டுபிடித்தால், அவரைத் தண்டிப்பதற்கு முன் விதியைப் பார்ப்பது நல்லது. 1950இல் பிஸ்டன்ஸ் அணியை யாரும் தண்டிக்கவில்லை. விதியைத்தான் திருத்தினார்கள்.

ஆனால் கடிகாரம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆட்டத்தில் 24 வினாடி விதி, பந்தைப் பிடித்துவைத்து வெல்லும் வாய்ப்பை வலிமை குறைந்த அணியிடமிருந்து எடுத்துவிட்டது. அங்கே அது ஏற்கத்தக்கது. காரணம், ஆட்டம் இருவருக்கும் பொதுவானது. வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு ஒரு குழந்தையின் பதிலுக்குக் காத்திருக்கும்போது நிலைமை வேறு. திக்கிப் பேசும் குழந்தை, வேறு தாய்மொழியிலிருந்து வந்த குழந்தை, எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை ஆகியோர் எடுத்துக்கொள்ளும் நேரம் நேரம் கடத்துவது ஆகாது. அங்கே ஐந்து வினாடியில் பந்தைப் பறித்து முதல் வரிசை மாணவரிடம் கொடுத்தால், அந்தக் குழந்தை மறுபடியும் கை தூக்கப்போவதில்லை.

எனவே ஒரு கால வரம்பை வைக்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இந்தத் தாமதத்தால் மற்றவர்களின் வாய்ப்பு பறிபோகிறதா? தாமதிப்பவருக்கு அந்த நேரம் உண்மையிலேயே தேவைப்படுகிறதா? முதல் கேள்விக்கு மட்டும் ஆம் என்றால் கடிகாரம் வைக்கலாம். இரண்டாவதற்கு ஆம் என்றால் காத்திருக்க வேண்டும்.